வேலையை விடுவதா, வேலையில் இருந்தே செய்வதா? ஆண்டவருக்கு முழுமையாக ஒப்புக்கொடுக்க நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

"ஆண்டவருக்காக முழுசா வாழணும்னு முடிவு பண்ணிட்டேன். வேலையை விட்டுடட்டுமா?"

இந்தக் கேள்வி பல பேரிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. நற்செய்திக் கூட்டத்தின் கடைசி இரவில் முழங்காலில் நின்றவர் கேட்டிருக்கிறார். தியானத்துக்குப் போய்த் திரும்பியவரும், பெரிய நோயிலிருந்து பிழைத்து எழுந்தவரும் கேட்டிருக்கிறார்கள். முதல் வாக்கியத்தைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். இரண்டாவது வாக்கியத்தில் குரல் தழுதழுக்கும்.

இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். முதலாவது ஒப்புக்கொடுத்தல். அதற்கு மாற்று வழி எதையும் இந்தக் கட்டுரை தரப்போவதில்லை. உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று ரோமர் 12:1இல் பவுல் எழுதியது அந்தச் சபையில் இருந்த அத்தனை பேருக்கும்தான். அடிமைகளும் வியாபாரிகளும் தாய்மார்களும் அதில் அடக்கம். இரண்டாவது, அந்த வாழ்க்கைக்கு எந்த வடிவம் என்பது. இதற்குப் பல பதில்கள் உண்டு, அவை எல்லாமே வேதத்துக்குள் இருக்கின்றன. பேதுருவும் யோவானும் வலைகளை விட்டுவிட்டுப் போனார்கள். சகேயு ஆயத்தொழிலை விட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். பிசாசுகளின் பிடியிலிருந்து விடுதலையான மனிதன் "நானும் கூட வருகிறேன்" என்று படகின் அருகே நின்று வேண்டிக்கொண்டபோது, இயேசு அவனை வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினார் (மாற்கு 5:18-19). வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றவனிடமோ கலப்பையில் கைவைத்துப் பின்னால் திரும்பிப் பார்க்காதே என்றார் (லூக்கா 9:61-62).

அதனால் "எந்த வழி பெரியது" என்று இங்கே பார்க்கப்போவதில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொன்னார். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளைக் கேட்பேன். ஐந்தும் ஒரே கனமானவை அல்ல. இரண்டாவதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது, அதையே பெரும்பாலானோர் கேட்காமல் விடுகிறார்கள்.

1. உங்களைத் தவிர வேறு யாருக்கு இந்த அழைப்பு தெரிகிறது? அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள் என்று ஆவியானவர் சொன்னபோது, அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 13). தமஸ்கு வழியில் ஆண்டவரையே நேரில் கண்ட சவுலுக்கே இது தேவைப்பட்டது. அன்னை தெரசாவைப் பாருங்கள். 1946 செப்டம்பர் 10 அன்று ரயில் பயணத்தில் தமக்கு அழைப்பு வந்ததாக அவர் சொன்னார். ஆனாலும் மடத்தை விட்டு வெளியே வர 1948 வரை காத்திருந்தார். பேராயரும் ரோமும் அனுமதிக்கும் வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மடத்து வாழ்க்கைதான்.

2. விலை கொடுப்பது யார்? அர்ப்பணிப்பு என்றால் விலை உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். அந்த விலையை நீங்கள் கொடுக்கிறீர்களா, உங்கள் மனைவியோ கணவரோ பிள்ளையோ வயதான தாயோ கொடுக்கிறார்களா? அவர்கள் கொடுப்பதானால், மனமுவந்து கொடுக்கிறார்களா? இதில் இயேசு கடுமையாகவே பேசியிருக்கிறார். பெற்றோருக்குச் சேரவேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிடுகிறவர்கள் தேவவசனத்தையே அவமாக்குகிறார்கள் என்றார் (மாற்கு 7:11-13). தேவனுடைய பெயரைச் சொல்லியே தேவனுடைய கட்டளையை மீற முடியும் என்பதுதான் அதன் பொருள்.

3. பணம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியைக் கேட்டால் விசுவாசம் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பவுல் தம் கடிதங்களில் பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார்.

4. கணக்குக் கேட்பவர் யார்? காசுக்கும் நேரத்துக்கும் உபதேசத்துக்கும் நடத்தைக்கும் உங்களிடம் கேள்வி கேட்க உரிமையுள்ள ஒரு மனிதர் இருக்கிறாரா?

5. தவறாகப் புரிந்துகொண்டோம் என்று தெரிந்தால் திரும்ப முடியுமா?

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

## வழி 1: இருக்கிற வேலையிலேயே இருந்து

முழுமையான அர்ப்பணிப்பு என்றதும் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. "அப்படியானால் எதுவும் மாறவில்லையே" என்பார்கள். யோவான் ஸ்நானனிடம் ஆயக்காரர்களும் போர்ச்சேவகர்களும் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார்கள். வனாந்தரத்தில் வாழ்ந்த அந்த மனிதர் அவர்களை வனாந்தரத்துக்குக் கூப்பிடவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதீர்கள், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்றார் (லூக்கா 3:12-14). யோசித்துப் பாருங்கள், அந்த வேலையில் இருந்துகொண்டு அதைச் செய்வது வேலையை விடுவதைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

இந்த வழிக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். இங்கிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர். 1785இல் மனம் திரும்பியதும் அரசியலை விட்டுவிடலாமா என்ற தவிப்போடு, யாருக்கும் தெரியாமல் ஜான் நியூட்டன் என்ற போதகரைத் தேடிப் போனார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பல் தலைவராக இருந்தவர். கடலை விட்டு ஊழியத்துக்கு வந்த அவர் "நீயும் விட்டுவிட்டு வா" என்று சொல்வார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அவரோ, இருக்கிற இடத்திலேயே இரு என்று ஆலோசனை சொன்னார். பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் 1807இல் வந்தது. அடிமைத்தனத்தையே ஒழிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது என்ற செய்தி கிடைத்த சில நாட்களில், 1833 ஜூலையில், வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். அன்று அவர் வேலையை விட்டிருந்தால் ஒருவேளை நல்ல போதகராகியிருப்பார். நாடாளுமன்றத்தில் அவர் இடம் காலியாக இருந்திருக்கும்.

சிறிய அளவிலும் இது நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் இரவு ஷிப்டில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கை கழுவுவார். அது மருத்துவமனையின் விதி. சோப்பு நுரையோடு விரலிடுக்குகளைத் தேய்க்கிற அந்த இருபது விநாடியில் அடுத்த நோயாளியின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். உதடு அசைவதுகூடத் தெரியாது. ஒரு இரவில் எத்தனை முறை கை கழுவுகிறாரோ அத்தனை ஜெபம்.

மறைந்திருக்கும் விலை. உங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், இதுதான் இந்த வழியின் ஆபத்து. ஒப்புக்கொடுத்தது மெல்ல மெல்லக் கரைந்துபோகும். பதவி உயர்வு வரும், வீட்டுக் கடன் வரும், ஜெப நேரம் பயண நேரமாகிவிடும். ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்த இரவின் கண்ணீர் ஒரு நினைவாக மட்டும் இருக்கும். உங்கள் மேல் கைவைத்து அனுப்ப யாரும் வரமாட்டார்கள். சபையிலும் இரண்டாம் தரமாகப் பார்க்கப்படுவீர்கள். சில வேலைகளில் பொய்யும் லஞ்சமும் தினசரிப் பழக்கமாக இருக்கும். அங்கே நேர்மைக்கு விலையாக வேலையே போகலாம், அதற்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

அதனால் இந்த வழியை எடுப்பவர் அதற்கு எலும்பும் தசையும் கொடுக்கவேண்டும். மாதம் எவ்வளவு பணம், வாரம் எத்தனை மணி நேரம், யாருக்கு, எதற்கு என்று எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை உங்களைக் கேள்வி கேட்க ஒரு மூத்த விசுவாசியிடம் உரிமை கொடுங்கள். கத்தோலிக்க மரபில் இதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே வழி செய்திருக்கிறார்கள். குடும்பத்திலும் தொழிலிலும் இருந்துகொண்டே ஒரு ஒழுங்கின்படி வாழ விரும்பியவர்களுக்காகப் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபை உருவானது.

யாருக்கு இது பொருந்தும்? உங்களை நம்பி வாழ்கிறவர்கள் இருந்தால். தீர்க்காத கடன் இருந்தால். உங்கள் வேலையே இரக்கத்தின் வேலையாக இருந்தால். அல்லது, நீங்கள் நிற்கிற இடத்தில் நிற்க வேறு விசுவாசி இல்லை என்றால்.

## வழி 2: கைத்தொழிலோடு ஊழியம்

பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, உங்களில் ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்தோம் என்கிறார். எபேசு மூப்பரிடம் விடைபெறும்போது தம் கைகளையே சாட்சியாகச் சொல்கிறார் (அப்போஸ்தலர் 20:34). இன்று சபை நடத்திக்கொண்டே பள்ளியில் பாடம் எடுப்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் வருகிறவர்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பவுல் இதை வாழ்நாள் முழுக்க ஒரே மாதிரி செய்யவில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று அவரே எழுதினார் (1 கொரிந்தியர் 9:14). அந்த உரிமையைக் கொரிந்துவில் பயன்படுத்தவில்லை, ஆனால் மக்கெதோனியா சகோதரர்கள் கொண்டுவந்த உதவியை வாங்கிக்கொண்டார் (2 கொரிந்தியர் 11:9). பிலிப்பி சபை அனுப்பியதையும் நன்றியோடு ஏற்றார். எங்கே காசு வாங்கினால் நற்செய்திக்கு இடறலாகுமோ அங்கே வாங்கவில்லை. அவருடைய அளவுகோல் அதுதான். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரியும் 1793இல் வங்காளம் வந்தபின் சில ஆண்டுகள் ஒரு அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்தார். 1801 முதல் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் மொழி கற்பித்து, வந்த சம்பளத்தில் பெரும்பகுதியை செராம்பூர் மிஷன் வேலைக்கே கொடுத்தார்.

இதன் பெரிய பலம் சுதந்திரம். காணிக்கை குறையுமே என்று பயந்து பிரசங்கத்தை மென்மையாக்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கு நான்கு வழிகளில் மிகத் தெளிவான பதில் இங்கேதான் இருக்கிறது.

மறைந்திருக்கும் விலை உடம்பும் வீடும். காலை முதல் மாலை வரை வேலை, மாலையில் வீடு சந்திப்பு, சனிக்கிழமை பிரசங்கத் தயாரிப்பு, ஞாயிறு ஆராதனை. ஓய்வுநாள் என்று ஒன்று இவருக்கு எப்போது? பத்து ஆண்டுகள் இப்படி ஓடி, கடைசியில் இரண்டிலும் அரைகுறையாக நின்று, குற்றவுணர்வோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பவுலுக்கு மனைவியும் பிள்ளைகளும் கூட வரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவருடைய கால அட்டவணையை இரண்டு பிள்ளைகளின் தகப்பன் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், "எனக்கு யாருடைய காசும் வேண்டாம்" என்பது மெல்ல "என்னை யாரும் கேள்வி கேட்கவேண்டாம்" என்றாகிவிடும். சபையிடம் சம்பளம் வாங்காதவருக்கும் சபையில் மூப்பர்கள் வேண்டும்.

யாருக்கு? சிறிய சபைக்கு, இப்போதுதான் துளிர்க்கிற கூடுகைக்கு, மதப் பணியாளரைச் சந்தேகத்தோடு பார்க்கிற இடத்துக்கு. முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா என்று சோதித்துப் பார்ப்பவருக்கும் இது நல்ல முதல் படி.

## வழி 3: முழுநேர ஊழியம்

போதகராக, மிஷனரியாக, நற்செய்தியாளராக. "அர்ப்பணித்தேன்" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் மனதில் இருப்பது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

இதற்கான தேவை உண்மையானது. எருசலேமில் பந்தி விசாரிப்பு அப்போஸ்தலரின் நேரத்தை எடுத்தபோது, அதற்கென்று ஏழு பேரைத் தெரிந்துகொண்டு, நாங்கள் ஜெபம்பண்ணுவதிலும் வசனத்தைப் போதிப்பதிலும் தரித்திருப்போம் என்றார்கள் (அப்போஸ்தலர் 6:2-4). ஒரு மொழியைக் கற்று அதில் வேதத்தை மொழிபெயர்ப்பது ஓய்வு நேரத்தில் முடிகிற காரியம் இல்லை. சாவு வீட்டில் மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க, அலுவலகத்துக்கு அவசரப்படாத ஒருவர் வேண்டும். மேய்ப்பனுக்குப் பகல் வேண்டும்.

இனி விலை.

பணத்தில் தொடங்குகிறேன். "ஜார்ஜ் முல்லர் போல விசுவாசத்தால் வாழப்போகிறேன்" என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக வரும். முல்லர் 1830இல் நிலையான சம்பளத்தை விட்டார். 1836இல் பிரிஸ்டலில் முதல் அநாதை இல்லத்தைத் திறந்தார். வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தார். தேவையை மனிதரிடம் சொல்லாமல் ஜெபத்தில் மட்டும் சொன்னார். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். அவர் வந்த ஒவ்வொரு காசையும் எழுதிவைத்து அறிக்கையாக வெளியிட்டார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விசுவாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டால் அது முல்லரின் வழி ஆகாது.

அடுத்தது குடும்பம். வில்லியம் கேரியின் மனைவி டாரதி முதலில் இந்தியாவுக்குப் போக மறுத்தார். கப்பல் தாமதமானதால் கிடைத்த இடைவெளியில், கடைசி நேரத்தில் வற்புறுத்தலுக்குப் பிறகே சம்மதித்தார். வந்த அடுத்த ஆண்டே, 1794இல், ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும் வரை அவர் மீளவில்லை. பக்கத்து அறையில் மனைவி அந்த நிலையில் இருக்க, கேரி மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார். கேரி செய்த வேலையை நான் நேசிக்கிறேன். அந்த வேதாகமங்களால் வாழ்வு பெற்ற வம்சங்கள் உண்டு. ஆனால் அந்த வேலையின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர் அதைத் தேர்ந்தெடுக்காத ஒரு பெண். கேரியைப் பற்றிச் சாட்சி சொல்லும்போதெல்லாம் டாரதியின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

இதோடு எரிக் லிடலை வைத்துப் பாருங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர், அடுத்த ஆண்டே மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். மனைவி ஃபுளோரன்ஸ் மிஷனரிக் குடும்பத்துப் பெண். அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்தே கைகோத்தவர். போர் நெருங்கியபோது 1941இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு லிடல் தங்கினார். 1945 பிப்ரவரியில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறந்தார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. இழப்பு இங்கேயும் பெரியதுதான், ஒரு பெண்ணும் மூன்று குழந்தைகளும் இங்கேயும் விலை கொடுத்தார்கள். ஆனால் அந்த மனைவி அறிந்தே அந்தப் பாதைக்கு வந்தவர். டாரதிக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நான் இரண்டாவது கேள்வி என்கிறேன்.

தூர தேசம் போகாதவர்களுக்கும் இது உண்டு. ஒரு போதகரின் மகள் தன் சிறுவயதைப் பற்றி என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. இரவுச் சாப்பாட்டில் அப்பாவின் போன் அடிக்கும். அவர் எழுந்து போவார். அம்மா அந்தத் தட்டை இன்னொரு தட்டால் மூடிவைப்பார். "எங்க வீட்டில் எப்பவும் ஒரு தட்டு மூடியே இருக்கும்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நினைவாகத்தான் சொன்னாள். அந்த அப்பா நல்ல மேய்ப்பர். தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவிடம் கேட்டது நினைவுக்கு வந்தது.

இன்னொரு விலை உள்ளே இருப்பது, வெளியே யாருக்கும் தெரியாது. வேதம் வேலைக் கருவியாகிவிடும். திறந்தவுடன் "இதில் மூன்று குறிப்பு எடுக்கலாமே" என்று மனம் ஓடும். மற்றவர்களுக்காக ஜெபித்து ஜெபித்துத் தனக்காக ஜெபிக்க வார்த்தை இல்லாமல் போகும். ஆண்டவரோடு நெருங்கி இருக்கத்தான் முழுநேரம் வந்தேன் என்பவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை.

திரும்பி வருவதும் சுலபம் இல்லை. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பழைய தொழிலில் யாரும் எளிதில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திரும்பினால் "பின்வாங்கிப்போனார்" என்ற பேச்சு. ஒழுங்கான சபை அமைப்பின் கீழ் இருப்பவருக்கு இறையியல் கல்லூரி, பயிற்சிக்காலம், அபிஷேகம் என்று படிகள் உண்டு, ஓய்வூதியமும் இருக்கலாம். தனி ஊழியம் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் இவை எதுவும் இருக்காது. கணக்குக் கேட்பவரும் இருக்கமாட்டார். ஊழியங்கள் விழுந்ததைப் பார்த்திருக்கிறோம். அவற்றில் பலவற்றில் தலைவரைக் கேள்வி கேட்கும் நிலையில் ஒருவரும் இல்லை.

யாருக்கு? வரம் உங்களிடம் இருக்கிறது என்று உங்களைவிட மற்றவர்கள் முதலில் சொன்னால். வாழ்க்கைத்துணை தனியாக, தன் வாயால், அதே அழைப்பைச் சொன்னால். உங்களை அனுப்புவதற்கும் திருத்துவதற்கும் ஒரு சபை ஆயத்தமாக இருந்தால். வேலையில் தோற்றுப்போய், அதிகாரியோடு சண்டை போட்டு, அந்த வாரமே அழைப்பு வந்ததாகத் தோன்றினால் ஒரு ஆண்டு பொறுங்கள். அழைப்பு உண்மையானால் ஒரு ஆண்டில் செத்துவிடாது.

## வழி 4: துறவறம்

கத்தோலிக்க வாசகர்களுக்கு இது நெருக்கமானது. சீர்திருத்தச் சபைகளில் உள்ளவர்கள் பலர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஒரு தெளிவு வேண்டும்: குருத்துவமும் துறவறமும் ஒன்றல்ல. மறைமாவட்டக் குரு பங்குப் பணிக்காக ஆயரின் கீழ் இருப்பவர். துறவி என்பவர் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு, அதாவது தேவனுக்குக் கொடுத்த வாக்குறுதிகளோடு, ஒரு குழுவில் வாழ்பவர். அருட்சகோதரிகளும் குருப்பட்டம் பெறாத சகோதரர்களும் இதில் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் திரும்ப முடியாத பாதை இதுதான் என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால், மிகக் கவனமாகக் கதவுகள் வைத்துக் கட்டிய வீடு இதுதான். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நவதுறவகத்தில், அதாவது புதிதாகச் சேர்ந்தவருக்கான பயிற்சியில், குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது 3 ஆண்டு. நித்திய வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது 21 வயது. அதுவரை ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நீங்களும் போகலாம், அவர்களும் அனுப்பலாம். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கில் இன்னும் கண்டிப்பு. புதிதாக வருகிறவருக்குச் சுலபமாக இடம் கொடுக்காதே என்கிறார். நான்கைந்து நாள் கதவைத் தட்டட்டும், அவமதிப்பைப் பொறுக்கிறாரா பார், பிறகு உள்ளே விடு. சேர்ந்தபின் இரண்டு மாதத்தில் ஒரு முறை, அடுத்த ஆறு மாதத்தில் ஒரு முறை, அடுத்த நான்கு மாதத்தில் ஒரு முறை ஒழுங்கு முழுவதையும் வாசித்துக் காட்டு. ஒவ்வொரு முறையும், உன்னால் முடியாது என்றால் சுதந்திரமாகப் போகலாம் என்று சொல்லவேண்டும். மற்ற மூன்று வழிகளிலும் யாராவது நம்மிடம் இப்படி மூன்று முறை கேட்டார்களா?

இரண்டாவது கேள்விக்கும் இந்த வழி நேர்மையாகவே பதில் சொல்கிறது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, விலையின் பெரும்பங்கு உங்களுடையது. விவாகமில்லாதவன் கர்த்தருக்குரியவைகளுக்காகக் கவலைப்படுகிறான் என்று பவுல் 1 கொரிந்தியர் 7இல் சொல்வது இதைத்தான். ஆனால் வயதான பெற்றோருக்கு நீங்கள் ஒரே பிள்ளை என்றால் கொர்பான் கேள்வி திரும்பவும் எழும். அதை நுழைவதற்கு முன்பே துறவற இல்லத்தின் தலைவரிடம் பேசிவிடுங்கள்.

மறைந்திருக்கும் விலை கீழ்ப்படிதல். கற்புதான் கடினம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். மூத்த துறவிகளிடம் கேட்டால் வேறு பதில் வரும். எந்த வேலை, எந்த இடம், யாரோடு என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் மடத்தில் சேர்ந்த சகோதரர் லாரன்ஸுக்குக் கிடைத்தது சமையலறை. இயல்பாகவே அவருக்கு அந்த வேலை பிடிக்காது. ஜெபிக்க வந்தவர் பாத்திரங்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் நின்றார். ஜெப நேரத்தில் இருக்கும் அமைதியோடு அந்த இரைச்சலிலும் தேவனோடு இருக்கக் கற்றுக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. குழு வாழ்க்கையில் தனிமை வருவதும், நாற்பது வயதுக்கு மேல் பிள்ளை இல்லாத ஏக்கம் வருவதும் உண்டு. நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு வெளியேறினால், கையில் சேமிப்பு இல்லாமல் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

யாருக்கு? மணமாகாதவருக்கு, குடும்பக் கடமை முடிந்தவருக்கு, தனியாகச் செய்வதைவிட ஒரு குழுவின் தாளத்தில் ஜெபிக்கும்போது உயிர்ப்பு பெறுகிறவருக்கு. காதல் தோல்வியின் காயம் ஆறாதவருக்கு இப்போது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | வேலையிலேயே | தொழிலோடு ஊழியம் | முழுநேர ஊழியம் | துறவறம் |
|---|---|---|---|---|
| பணம் | சம்பளம் | சொந்தத் தொழில் | காணிக்கை, சபைச் சம்பளம் | சபையே பார்த்துக்கொள்ளும் |
| கணக்குக் கேட்பவர் | நீங்களே தேடவேண்டும் | மூப்பர்கள், இருந்தால் | அமைப்பில் உண்டு, தனி ஊழியத்தில் அரிது | எப்போதும் உண்டு |
| திரும்புதல் | எளிது | எளிது | கடினம் | தொடக்கத்தில் எளிது, நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பின் மிகக் கடினம் |
| அதிகம் விலை கொடுப்பவர் | நீங்கள், மெதுவாக | உடம்பும் வீடும் | துணையும் பிள்ளைகளும் | நீங்கள், சில வேளை பெற்றோர் |
| பெரிய ஆபத்து | கரைந்துபோதல் | களைத்துப்போதல் | கேள்வியற்ற அதிகாரம் | கீழ்ப்படிதலில் கசப்பு |

## இரண்டு வழிகள் சமமாகத் தெரிந்தால்

ஜெபித்தாயிற்று, உபவாசித்தாயிற்று, இன்னும் இரண்டு வழிகள் சமமாக நிற்கின்றன என்று சிலர் சொல்வார்கள். அப்போது திரும்பி வர எளிதான வழியில் முதலில் போங்கள். வேலையில் இருந்தபடி ஒரு ஆண்டு, தொழிலோடு ஊழியமாக இரண்டு ஆண்டு. வனாந்தரத்தில் ஆடு மேய்த்த மோசேயின் ஆண்டுகள் வீணாகவில்லை. மூன்றாவது வழிக்கும் நான்காவது வழிக்கும் நடுவே தவிப்பவர்கள் ஒரு துறவற இல்லத்தில் சில வாரங்கள் தங்கிப் பாருங்கள். பல துறவறச் சபைகள் இதற்கு இடம் தருகின்றன.

மணமானவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் துணையிடம் "நான் போகட்டுமா" என்று கேட்காதீர்கள். பக்தியுள்ள துணை "வேண்டாம்" என்று சொல்லப் பயப்படுவார். தேவனுக்குக் குறுக்கே நிற்கிறேனோ என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். அதற்குப் பதிலாக மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் இரண்டு தாளில் எழுதி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கவேண்டாம். வாரக் கடைசியில் முதலில் அவருடைய தாளை வாசியுங்கள், உங்களுடையது மடித்தபடியே இருக்கட்டும். இரண்டாவது கேள்விக்கு நேரே அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அங்கே வெற்றிடமாக விட்டிருந்தால், ராஜினாமாக் கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு, அன்று இரவு அவர் பேசும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.